சிலாபத்து போல்டர்

புத்தளம் மாவட்டத்து முந்தலில் உள்ள இறால் பண்ணையொன்றில் சிபானா வேலைக்குச் சேர்ந்தபோது அந்த அலுவலகத்தில் கொம்பியூட்டரே இருக்கவில்லை. தட்டச்சு தெரியும் என்பதால் எடுத்தார்கள். கனமூலையில் அவருடைய வாப்பா தோட்டம் செய்தார். அந்தக் குடும்பத்திலிருந்து மாதச் சம்பளத்துக்குப் போன முதல் பெண் சிபானாதான். பிறகு கொம்பியூட்டர் வந்தது. அதுவும் அவர் தலையில் விழுந்தது. யாரும் படிப்பித்துக் கொடுக்கவில்லை. திரையில் பிழை வந்தால் அதை எழுத்துக்கூட்டிப் போனில் வாசிப்பார். கொழும்பிலிருந்து கொம்பியூட்டர் திருத்தும் அம்ஜத் சொல்லச் சொல்ல அப்படியே செய்வார்.

பண்ணையின் பரிசோதனைக்கூடம் சிலாபத்தில் இருந்தது. முந்தல் குளங்களின் தண்ணீரும் இறாலும் அங்கே போகும். யூஜீனியா என்ற பெண் அவற்றைச் சோதித்து, முடிவைத் தன் கொம்பியூட்டரில், கோப்புகள் வைக்கும் ஒரு போல்டரில் போடுவார். சிபானா முந்தலில் இருந்தபடியே நெட்வேர்க் வழியாக அந்தப் போல்டரைத் திறந்து பார்த்து, குளங்களுக்குப் பொறுப்பான வின்சன்டிடம் சொல்ல வேண்டும். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் கண்டதில்லை. குரல் மட்டும்தான் பழக்கம்.

2015இல் யூஜீனியாவுக்குப் புதுக் கொம்பியூட்டர் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் குழப்பம் தொடங்கியது.

"தங்கச்சி, அஞ்சாங் குளத்து ரிப்போட் இன்னம் வரல்லையே?"

"காலையிலயே போட்டுட்டன் அக்கா."

"நான் போல்டரத் திறந்து வெச்சிட்டுத்தான் கதைக்கிறன். அதுல இல்ல."

"எனக்கு முன்னாலயே கிடக்குது, பாருங்கோ!"

மறுநாள் திறந்தால் அந்த ரிப்போட் இருந்தது. அதற்கடுத்த நாள் அதையும் காணோம். சிபானா இங்கிருந்து போட்ட குளத்து விபரங்கள் தனக்கு வரவில்லை என்று யூஜீனியாவும் சொல்லத் தொடங்கினார். ஆனால் சிபானா திறந்து பார்த்தால் அவை போட்ட இடத்திலேயே இருந்தன. அம்ஜத் கொழும்பிலிருந்து எல்லாவற்றையும் சோதித்தார். "பாதை சரி, பாஸ்வேர்டும் சரி. எனக்கே விளங்கல்ல ராத்தா," என்றார்.

மனேஜர் ஹாசிமுக்கு மட்டும் விளங்கியிருந்தது. "ரெண்டு பேர்ல ஒராள் பொய் செல்றீங்க," என்றார்.

அந்தச் சொல்லுக்குப் பிறகு சிபானாவும் அப்படியே யோசிக்கத் தொடங்கினார். வேலையை முடிக்காமலே முடித்ததாகச் சொல்கிறாளோ இந்தப் பிள்ளை? சில நேரம் சந்தேகம் தன் மேலேயே திரும்பியது. புத்தளத்துக்குப் போய்க் கண்ணைக் காட்டினார். கண்ணில் ஒன்றுமில்லை என்றார் டொக்டர். நல்ல செய்தி என்று நினைக்கவும் முடியவில்லை. கண் சரியென்றால் பிழை வேறெங்கே? வீட்டில் கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டார்.

மெல்ல மெல்ல அவர்கள் போனில் கதைப்பதும் குறைந்தது. அப்படியான ஒரு நாளில்தான் மூன்றாங் குளத்தில், இறாலைக் கூட்டமாகக் கொல்லும் வெள்ளைப்புள்ளி நோய் என்று யூஜீனியா போல்டரில் போட்டார். சிபானா திறந்தபோது அங்கே எதுவும் இல்லை. கேட்டால் சண்டைதானே வரும், நாளைக்கு வரட்டும் என்று விட்டுவிட்டார். மறுநாள் விடிந்தபோது இறால்கள் குளத்தின் ஓரமெல்லாம் செத்து ஒதுங்கிக் கிடந்தன. வின்சன்ட் யாரையும் ஏசவில்லை. சேற்றுக் காலோடு வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"என்ன மிஸ் நடக்குது?" என்று மட்டும் கேட்டார்.

சிபானா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நான் சிலாபத்துக்குப் போய்ப் பாக்கிறன். நீங்க இங்க என்ட கதிரையில இருந்து போல்டரப் பாருங்க," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

வாய்க்காரி ஒருத்தியை எதிர்பார்த்துத்தான் பரிசோதனைக்கூடத்துக்குள் போனார். எழுந்து வந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கும் நிறைமாதக் கர்ப்பிணி. கண்கள் வீங்கியிருந்தன.

"அக்கா, நான் பொய் சொல்லல்ல."

"நானும் செல்லல்ல புள்ள," என்றார் சிபானா.

அம்ஜத்தையும் வின்சன்டையும் ஒரே போன் கோலில் எடுத்தார்கள். எதற்கும் யூஜீனியாவின் கொம்பியூட்டரை ஒருக்கா நிற்பாட்டிப் போடச் சொன்னார் அம்ஜத். யூஜீனியா நிற்பாட்டினார். திரை கறுத்தது.

"ஆ, போல்டர் திறக்குது! நல்லாத் திறக்குது!" என்றார் வின்சன்ட்.

"எதத் திறக்குறீங்க?" என்றார் சிபானா. "இது செத்துப் போய்க் கிடக்கே!"

"சிலாபத்து போல்டர்தான் மிஸ். உள்ள பைலெல்லாம் தெரியுது."

யூஜீனியா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். போனில் அம்ஜத், "அந்தப் பழைய கொம்பியூட்டர் எங்க?" என்று கேட்டார்.

அது சாமான் அறையில் இருந்தது. வேலைக்கு வருவதைப் பதியும் கைரேகை மெஷினில் புது ஆட்களைச் சேர்க்க வேண்டிய நாட்களில் ஸ்டோர் பார்க்கும் றோசமேரி அதைப் போடுவாராம். அன்றைக்கும் போட்டிருந்தார். யூஜீனியா அதை நிற்பாட்டியதும் முந்தலிலிருந்து வின்சன்ட், "போச்சு!" என்று கத்தினார்.

பழையதில் இருந்ததை முழுதாகப் பிரதி எடுத்துத்தான் அம்ஜத் புதியதைச் செய்திருந்தார். பெயரும் சேர்ந்து பிரதியாகியிருந்தது. அதே பெயர், அதே போல்டர், அதே பாஸ்வேர்ட்; ஒரே விலாசத்தில் இரண்டு வீடு மாதிரி. பழையதைப் போட்ட நாட்களில் முந்தல் கொம்பியூட்டர் அதற்குள் போய் நின்றது. மற்ற நாட்களில் புதியதற்குள்.

"பேர மாத்தாம விட்டது நான்தான் ராத்தா," என்றார் அம்ஜத். பழையதன் பெயரை அன்றைக்கே மாற்றினார். ஹாசிமிடம் சொன்னபோது அவர், "சரி சரி, வேலயப் பாருங்க," என்றார். நோய்க் கிருமி சாக மூன்றாங் குளத்தை இறைத்துச் சுண்ணாம்பு போட்டார்கள்.

அன்று பின்னேரம் இரண்டு பெண்களும் யூஜீனியாவின் சோற்றுப் பார்சலைப் பங்கிட்டுச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு போல்டர்களையும் ஒன்றாக்க உட்கார்ந்தார்கள். ஒரே பெயரில் இரண்டு பைல்கள், உள்ளே வேறு வேறு எண்கள். எது சரி என்று சிலவற்றில் கடைசிவரை தெரியவில்லை.

சிபானாவுக்கு இன்றைக்கும் அது முழுதாக விளங்கியதில்லை. காலையில் போல்டரைத் திறந்ததும் சிலாபத்துக்கு ஒரு கோல் எடுப்பார்.

"தங்கச்சி, நான் உங்கட ஊட்டுக்குள்ளதானே நிக்கிறன்?"

"ஓம் அக்கா. உள்ளுக்கு வாங்கோ."