பெட்டியை அறுத்துப் பார்க்கிறவள்

விலை கேட்பதற்கு முன்னாலேயே சிவசங்கரி கைப்பையிலிருந்து பிளேடை எடுத்துவிடுகிறாள். கடைக்காரர் "ஏம்மா, ஏம்மா" என்று கையை நீட்டுவதற்குள் பெட்டியின் சீல் கிழிந்திருக்கும். உள்ளே இருக்கும், கம்ப்யூட்டரில் மாட்டுகிற கார்டை ஓரத்தில் மட்டும் பிடித்து வெளியே எடுத்து, அதிலுள்ள கறுப்புச் சிப்பின் முதுகில் பொடியாக அச்சடித்த எண்ணை லென்ஸ் வைத்துப் படிப்பாள். பிறகுதான் "இன்னா ரேட்டுண்ணா?" என்பாள். திருப்பதியில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிறவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'கோசி சூடு'. தெலுங்கில் 'அறுத்துப் பார்' என்று அர்த்தம். அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள், கோபித்துக்கொள்வதில்லை.

அது அவள் வீட்டுச் சொல்தான். அம்மா ரத்னம்மாவுக்குச் சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபேக்டரி வாசலில் வேலை. லாரியில் வரும் தோதாபுரி மாங்காயை அந்த அம்மாள் அறுத்துப் பார்த்துத் தலையாட்டினால்தான் லோடு இறங்கும். "தோலு நல்லாத்தான் மினுக்கும். உள்ள புழு குடித்தனம் பண்ணிக்கினு கீதே, அத்த யாரு பாக்கறது?" என்பாள்.

பிச்சாட்டூரில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம் அது. அதில் டிப்ளமோ முடித்து, சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரிப்பேர் கடை போட்டவள் சிவசங்கரி. ஊரே திருட்டு விண்டோஸ் சி.டி.யில் பிழைக்கும்போது, இவள் மட்டும் வருகிற கம்ப்யூட்டருக்கெல்லாம் இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் போடுகிறாள். "யாரும் தர்றேன்னு சொல்லாதத்த நான் எடுக்க மாட்டேன். இத்த எடுத்துக்கோன்னு குடுக்கறான், எடுத்துக்கறேன்." இவ்வளவுதான் அவள் வேதாந்தம். பிடிவாதக்காரி.

இந்தப் பிடிவாதத்துக்குப் பெரிய பகை கம்பெனிக்காரர்கள்தான். பெட்டியில் அதே பெயர், அதே மாடல் எண், அதே படம். உள்ளே போன மாதம் ஒரு சிப், இந்த மாதம் வேறு சிப். விண்டோஸ்காரனுக்குக் கவலையில்லை, எந்தச் சிப்பானாலும் அதை ஓட்டவைக்கிற சி.டி. அவனுக்குப் பெட்டியிலேயே இருக்கிறது; லினக்ஸுக்கு அது கிடையாது. லினக்ஸ்காரன் பெயரை நம்பி வாங்கிப் போய், அது செத்த பாம்பாகக் கிடப்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டும். "பேரு அதே. ஆளு வேற. கேட்டா, முன்னறிவிப்பு இல்லாம மாத்துவோம்னு அடியில எழுதிக்கீறோமேன்றான். அந்தப் பொடி எழுத்த எறும்புக்கா எழுதி வச்சான்?"

அவளே ஏமாந்த கதையும் உண்டு. புத்தலப்பட்டில் ஒரு பள்ளிக்கூடம். ஊரை விட்டு பெங்களூர் போன பழைய மாணவர்கள், தங்கள் ஆபீஸ் கழித்துப் போட்ட பத்து கம்ப்யூட்டர்களை அனுப்பிவைத்தார்கள். அத்தனைக்கும் லினக்ஸ் போட்டுத் தருவதாக இவள் வாக்குக் கொடுத்தாள். இன்டர்நெட் வருவது எதிர்க் கட்டடத்துக்கு. நடுவே ஒயர் கட்டினால் மறுநாளே குரங்குகள் ஊஞ்சல் ஆடி அறுத்துவிடுகின்றன. ஆகவே ஒயர் இல்லாத வைஃபை கார்டு. திருப்பதியில் தாமோதரன் கடையில் ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்த்தாள், ஜம்மென்று ஓடியது. பத்து நாள் கழித்து மீதி ஒன்பதையும் பிரிக்காமலே வாங்கி வந்தாள். ஒன்றுகூட ஓடவில்லை. உள்ளே சிப் மாறியிருந்தது.

ரத்னம்மா சிரித்த சிரிப்பு இன்னும் அவளுக்கு ஆறவில்லை. "மேல ஒரு காய அறுத்துட்டா லோடு எறக்கினே? மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, அடியில ஒண்ணு பாக்கணும்னு தெரியாது உனக்கு?"

தலைமை ஆசிரியர் வரதராஜன் சிரிக்கவில்லை. "மண்டே பாக்கறேன்மா. ஓடலைன்னா அந்த ரூம்ல மத்தியான சாப்பாட்டு அரிசி மூட்டைய அடுக்கிடுவேன்" என்றார். அவர் அடுக்கக்கூடியவர்தான். மூட்டை ஏறிய அறையை எந்தப் பள்ளிக்கூடமும் திருப்பிக் கொடுத்ததில்லை.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் திருப்பதி வந்து, ஒன்பது பெட்டிகளையும் தாமோதரனின் கல்லாவுக்கு எதிரே வைத்தாள்.

"சேம் மாடல்தானேம்மா? சூடு, பேரு பாரு."

"பேர நான் மாட்டப்போறதில்லண்ணா. உள்ள கீறத்த மாட்டணும். பழைய சிப்பு கீற பெட்டி ஒன்பது வேணும்."

"எதுல எது கீதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? சீல் ஒடைச்சா கம்பெனி திரும்ப எடுக்க மாட்டான்."

"மாங்கா லோடு வந்தா அறுத்துப் பாக்காம எறக்கறாங்களா? கொட்டைக்கு ஒரு நாயம், கரன்டுக்கு ஒரு நாயமா?"

கடையில் நின்ற இரண்டு இன்ஜினியரிங் மாணவிகள் தங்கள் கையிலிருந்த அதே பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒருத்தி அதை மெதுவாகக் கீழே வைத்தாள். தாமோதரன் அதைக் கவனித்தார். வாக்குவாதம் அதோடு முடிந்தது. கிடங்கிலிருந்து முப்பது பெட்டிகளை அவரே சுமந்து வந்தார்.

மத்தியானச் சாப்பாட்டை மறந்து அவள் ஒவ்வொன்றாக அறுத்தாள். இருபத்தாறாவது பெட்டியில் எட்டாவது கார்டு கிடைத்தது. அடுத்த மூன்றும் புதுசு. கடைசிப் பெட்டியை அறுத்தாள். லென்ஸில் பழைய எண் தெரிந்ததும் "துன்னாத வயிறுகூட ரொம்பிடுச்சிண்ணா" என்று சிரித்தாள். ஒன்பதையும் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"அப்ப கெளம்பும்மா தல்லி" என்றார் தாமோதரன்.

அவள் கிளம்பவில்லை. கல்லாவில் கிடந்த மார்க்கரை எடுத்தாள். மீதிப் பெட்டிகளில் ஒன்றில், கம்பெனி பெரிதாக அச்சடித்த பெயருக்கு மேலேயே, லினக்ஸில் ஓடாது என்று தெலுங்கில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி எழுதினாள். "ஏம்மா, ஏம்மா" என்று அவர் எழுந்து வருவதற்குள் அதைக் கண்ணாடி ஷோகேஸில் ரோட்டைப் பார்த்து நிறுத்திவிட்டு, இரண்டாவது பெட்டியைக் கையில் எடுத்தாள்.