சங்குப்போடியின் எட்டுச் சாப்பாடு

கல்லடியில் துசாந்தினியைத் தெரிந்தவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினருக்கு அவள் சுனாமி வீட்டுத்திட்டத்தில் வரைபடம் கீறிய பிள்ளை. மற்ற வகையினருக்கு, 'உப்புக்கோட்டை'யின் இரண்டாம் பாகத்தை ஐந்து வருடமாக இழுத்தடித்த பாவி. இவர்கள் அவளைச் சந்தையில் கண்டால் சுகம்கூடக் கேட்கமாட்டார்கள். "கோட்டை எப்ப கா திறக்கும்?" என்றுதான் கேட்பார்கள்.

உப்புக்கோட்டை ஒரு விளையாட்டு. காத்தான்குடி அஸ்பாக்கின் வாப்பா கட்டாரிலிருந்து கொண்டுவந்த ஒரு பெட்டியில் அது தொடங்கியது. பெட்டிக்குள் தடித்த இங்கிலீஸ் புத்தகம் ஒன்றும், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான தாயக்கட்டைகளும் இருந்தன. ஒருவர் கதை சொல்லவேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் கதவை உதைக்கிறன்", "நான் ஓடுறன்" என்று சொல்லவேண்டும். உதைத்ததில் கதவு திறந்ததா, கால் முறிந்ததா என்பதைத் தாயக்கட்டை தீர்க்கும். புத்தகத்திலிருந்த பனிமலைக் கதை ஒருவருக்கும் ஒட்டவில்லை. துசாந்தினி தானே ஒரு கதை கட்டினாள். வாவி நடுவே, எந்த மாரிக்கும் கரையாத உப்பினால் ஒரு கோட்டை.

அஸ்பாக், ஆரையம்பதித் தேனுஜன், நாவலடி நிஷாந்த் மூவரும் ஆடினார்கள். நிஷாந்தின் பாத்திரம் சங்குப்போடி. பெயர்தான் போடி, அதாவது பெரிய வயல்காரன்; கையில் ஒரு விளக்கைத் தவிர வேறு ஆதனம் கிடையாது. எங்கே ஆபத்து வந்தாலும் அவன் முன்னுக்கு வந்து நெஞ்சை நிமிர்த்துவான். "பயப்பிடாதிங்க, நான் இருக்கன். ஓடுறதெண்டா எனக்குப் பின்னால வாங்க!" தாயக்கட்டை உருட்டுவதில் நிஷாந்தைப் போலக் கைராசி கெட்டவன் மட்டக்களப்பிலேயே இல்லை.

புத்தகத்தின்படி, ஒரு பாத்திரம் செத்தால் உடனே இன்னொன்றைத் தொடங்கலாம். அது இவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. "எட்டுக் கழியாம செத்த வீட்டுக்குள்ள புது ஆளா? ஊர் சிரிக்கும்" என்றான் நிஷாந்த். ஆகவே ஒரு சட்டம் வந்தது. செத்த பாத்திரத்தின் சொந்தக்காரர், செத்த வீட்டில் கொடுப்பதுபோல, எட்டாம் நாள் எல்லோருக்கும் எட்டுச் சாப்பாடு கொண்டுவர வேண்டும். அதைச் சாப்பிட்டு முடித்தால்தான் பாத்திரம் செத்ததாகக் கணக்கு. அஸ்பாக்கின் வீரர்கள் வரிசையாய்ச் செத்ததில் அவனுடைய உம்மாவின் வட்டிலப்பத்துக்கு நல்ல காலம் பிறந்தது.

"எங்கட ஆளுக்குக் கத்தம்தான் ஓதோணும்" என்பான் அஸ்பாக்.

"நீ ஓது மச்சான். வட்டிலப்பத்த இஞ்சால தள்ளிப்போட்டு ஓது" என்பான் தேனுஜன்.

2004இல், நத்தார் எனும் கிறிஸ்மசுக்கு முந்திய சனிக்கிழமை, முதலாம் பாகம் முடிந்தது. சங்குப்போடி விளக்கோடு முதல் ஆளாய்க் கோட்டைக்குள் நுழைந்தான்; பின்னால் கதவு விழுந்து மூடியது. "மிச்சம் நத்தாருக்குப் பிறகு" என்று துசாந்தினி எழும்பிவிட்டாள்.

"என்னை உள்ளுக்க வெச்சுப் பூட்டிப்போட்டு நீங்க கேக் தின்னப் போறீங்களா?" என்று நிஷாந்த் கத்தினான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாவலடிக்குப் போனான்.

நத்தாருக்கு மறுநாள், ஞாயிறு, கடல் வந்தது. பெட்டியும் போனது. நிஷாந்தைக் கடல் திருப்பித் தரவில்லை.

பிறகு சண்டை, சோதனைச்சாவடி, பொழுதுபட்டால் அடைத்துக்கொள்ளும் வீதிகள். நால்வர் மூவரானதோடு, மூவருக்கும் ஒரு மேசையில் கூட வழியில்லை. ஆனால் கதை சும்மா இருக்கவில்லை. அஸ்பாக் அதைக் காத்தான்குடியில் தன் மச்சான்மாருக்குச் சொன்னான். தேனுஜன் அகதி முகாமில் சொன்னான். தாயக்கட்டைக்குப் பதிலாக ஆறு சோழிகள் வந்தன. மல்லாந்து விழுவதை எண்ணினால் போதும். துசாந்தினி அறியாத ஆட்களெல்லாம் அந்தக் கதவுவரை ஆடி வந்து, கதவடியிலேயே குந்திக்கொண்டு அவளைத் திட்டினார்கள்.

அவள் சோம்பேறி இல்லை. கோட்டை முழுவதையும் எப்போதோ எழுதி முடித்துவிட்டாள். கதவுக்கு அப்பாலுள்ள முதற்பக்கம் மட்டும் வரவில்லை. நிஷாந்த் இல்லாமல் சங்குப்போடியை நடமாட விட்டால், செத்தவனைப் பொம்மையாக்கி ஆட்டுவதாகாதா? ஆடாமல் விட்டால் அவனை இரண்டாம் தரமும் கைவிட்டதாகாதா? எதை எழுதினாலும் அஸ்பாக்கும் தேனுஜனும் தன்னை மன்னிக்கமாட்டார்கள் என்று பயந்தாள்.

சண்டை முடிந்த வருடம், ஆவணியில், மனதைக் கல்லாக்கிக்கொண்டு அந்தப் பக்கத்தை எழுதினாள். புத்தகம் போட்டோக்கொப்பியாகி வெளிவந்தது.

வெளியீடு கல்லடியில் ஒரு பாலர் பாடசாலையில். இருபத்தைந்து பேருக்கு மேல் வந்து, முழங்கால் நாடியில் இடிக்க, பாலர் கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். புத்தகம் கைக்குக் கை பறந்தது. ஒருவன் அட்டையை மோந்து பார்த்தான். இன்னொருவன் கடைசிப் பக்கத்தைத் திறக்க, பக்கத்திலிருந்தவள் அவன் கையில் ஒன்று போட்டாள்.

"அஞ்சு வருசம் காத்திருந்தது இந்த மெல்லிசுப் புத்தகத்துக்கா?"

"டேய், கோட்டைப் படத்தப் பாரு! கக்கூசும் குழியும் கீறியிருக்கா!"

"குழி இல்லாத கட்டடம் எனக்குக் கீற வராது" என்றாள் துசாந்தினி. மண்டபம் அதிரச் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

கோட்டைக் கதவு திறந்தது. அவள் வாசித்தாள். "உள்ளே உப்பு மூடிய ஒரு மேடு. அதன் தலைமாட்டில், அணைந்துபோன ஒரு விளக்கு."

சிரிப்பு நின்றது. அஸ்பாக் குனிந்து சோழிகளைப் பார்த்தான்.

பின்வரிசையிலிருந்து முனாப் எழும்பினான். அஸ்பாக்கின் மச்சான், நிஷாந்தைக் கண்ணால் கண்டதில்லை. சட்டம் கதைப்பதில் மட்டும் புலி.

"தாத்தா" என்று துசாந்தினியை அழைத்தான்; காத்தான்குடியில் அக்காவுக்கு அதுதான் சொல். "ஒரு கேள்வி. சங்குப்போடி மௌத்தா?"

"ஓம்."

"எட்டுச் சாப்பாடு ஆர் தந்த? நான் தின்னல்ல." திரும்பிச் சபையைக் கேட்டான். "ஆராவது தின்ட நீங்களா?"

"இல்ல!"

"தின்னல்லையெண்டா ஆள் சாகல்ல. அதுதானே சட்டம்?"

"அது சும்மா விளையாட்டுக்கு வெச்ச சட்டம் முனாப்..."

"இது என்னவாம் தாத்தா? விளையாட்டுத்தானே!"

இருபத்தைந்து பேரும் பாலர் கதிரைகளைத் தரையில் தட்டத் தொடங்கினார்கள். "சாகல்ல! சாகல்ல!" துசாந்தினி அஸ்பாக்கைப் பார்த்தாள். அவன் அழுதுகொண்டே சிரித்தான். "சட்டம் நிஷாந்த் போட்டது கா. நாம மாத்தேலாது."

"அவன்ட குரலில கதைக்க எனக்கு ஏலாது அஸ்பாக்."

"உங்களக் கதைக்கச் சொன்ன ஆர்?" என்றான் முனாப். நெஞ்சை நிமிர்த்தினான். "பயப்பிடாதிங்க, நான் இருக்கன்!"

அவன் மூச்செடுப்பதற்குள் மண்டபமே ஒரே குரலில் முடித்தது. "ஓடுறதெண்டா எனக்குப் பின்னால வாங்க!"

அந்த இழுவை, அந்த 'வாங்க'வில் ஏறும் ராகம், அப்படியே நிஷாந்த். அவனைக் கேட்டே அறியாதவர்களின் தொண்டைகளிலெல்லாம் அவன் இருந்தான். துசாந்தினி அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்து இடுப்பில் செருகினாள். தேனுஜனிடம் சோழிகளை நீட்டினாள்.

"போடிக்காக உருட்டு."

தேனுஜன் ஊதி உருட்டினான். ஆறும் குப்புற விழுந்தன. ஒன்றுகூட மல்லாரவில்லை.

பிறகு கூரை பறக்கும் கூச்சல். "அவனேதான்! அவன்ட கைராசியேதான்!"

துசாந்தினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதைசொல்லியின் குரலுக்கு வந்தாள். "சங்குப்போடி உங்களைக் கண்ட சந்தோசத்தில் ஓடி வருகிறான். விளக்கு அணைகிறது. இருட்டில் கக்கூசுக் குழியின் மூடியில் கால் வைக்கிறான். மூடி உடைகிறது."

"ஐயோ, போடியார்!"

"குழி எவ்வளவு ஆழம் கா?" தேனுஜன் படத்தின்மேல் கவிழ்ந்தான்.

"ஆறடி. அளவாத்தான் கீறியிருக்கன்."

"அப்ப கயிறு வேணும். ஆருட்ட கயிறு இருக்கு?"

இருபத்தைந்து பேரும் தங்கள் பாத்திரங்களின் பைகளைத் துழாவத் தொடங்கினார்கள்.