அவர் படகோட்டிய ஆறு

கடற்கரையில் யானை வந்து நிற்கும் என்று என் வீட்டுக்காரர் ஆப்பிரிக்காவிலிருந்து போனில் சொன்னபோது, "யோவ், காலைலயே ஊத்திக்கினியா?" என்று கேட்டேன். அவர் குடிப்பவர் இல்லை. தெரிந்தும் கேட்டேன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவரிடம் அப்படிப் பேசித்தான் எனக்குப் பழக்கம். அவரும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். அந்த யானை இப்போது என் கண்ணெதிரே, அலை வந்து நனைக்கிற மணலில் நின்று காதை ஆட்டிக்கொண்டிருந்தது. சொன்னவரைத்தான் காணோம்.

அவர் பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்த மீனவர். ஏரியில் மீன்பாடு குறைந்ததும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கொஞ்ச காலம் ஒப்பந்தத்தில் படகு ஓட்டினார். அங்கே பழக்கமான ஒருவர் மூலமாகத் தான்சானியாவில் இந்த வேலை கிடைத்தது. காடும் கடலும் ஒட்டிக்கிடக்கும் ஒரு சரணாலயம், அதில் கடற்கரை ஓரமாக ஒரு விடுதி. தங்க வருகிற வெளிநாட்டுக்காரர்களை மோட்டார் படகில் ஏற்றி, பக்கத்து ஆற்றில் நீர்யானையையும் முதலையையும் காட்டிக் கூட்டிவர வேண்டும். வலை இழுக்கிற வேலை இல்லை, வெயிலுக்குத் தொப்பி கொடுக்கிறார்கள் என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார்.

பிறகு ஒருநாள் அந்த விடுதியிலிருந்து போன் வந்தது. ஆற்று முகத்துவாரத்தில் படகு தரைதட்டியதாம். தள்ளுவதற்கு இவர் தண்ணீரில் இறங்கினாராம். முதலை இழுத்துக்கொண்டு போய்விட்டதாம். எவ்வளவு தேடியும் உடம்பு கிடைக்கவில்லையாம்.

நான் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? அந்த ஆற்றைப் பற்றி எனக்குச் சொன்னதே அவர்தான். "இன்னாமே, நம்ம ஏரி மாதிரின்னு நெனச்சியா? இங்க தண்ணில வெரல நனைச்சா கை இருக்காது. கைய கழுவணும்னாலும் பக்கெட்ல மொண்டுதான் கழுவுவோம்" என்று போனில் எனக்குப் பாடமே நடத்தியவர். அப்படிப்பட்ட மனுஷன் தானாக இறங்கினார் என்றால் யார் காதில் பூ சுற்றுகிறார்கள்?

ஊரில் வேறு பேச்சு ஓடியது. முதலையாவது மண்ணாவது, அங்கே எவளையாவது சேர்த்துக்கொண்டிருப்பான், அதை மறைக்க இப்படி ஒரு கதை கட்டுகிறான் என்று வாய் கூசாமல் பேசினார்கள். என் காதுபடவே பேசினார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொல்லட்டுமா? அது நிஜமாக இருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். பாவி, எவளோடாவது இருந்துவிட்டுப் போகட்டும், உயிரோடு இருந்தால் போதும். என்றைக்காவது வந்து நிற்கும்போது துடைப்பக்கட்டையால் வரவேற்றுக்கொள்ளலாம்.

கொழுந்தனார்தான் மெதுவாகப் பேச்செடுத்தார். "அண்ணி, எத்தினி நாளைக்கு இப்படியே? கருமாதி பண்ணாம அண்ணன் அலைஞ்சிக்கினு இருக்கும்."

"உடம்ப பாக்காம இன்னா கருமாதி? நான் பொட்ட அழிக்க மாட்டேன். போ."

கல்லூரிக்குப் போகும் என் மகள் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நைனா இருக்கா இல்லியான்னு ஒண்ணு சொல்லும்மா. காலேஜ்ல கேட்டா நான் இன்னான்னு சொல்றது?" என்றாள். அவளுக்காகத்தான் கிளம்பினேன். கண்ணால் பார்த்துவிட்டு வந்து அவளுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். விடுதிக்காரர்களே டிக்கெட் அனுப்பினார்கள்.

விடுதியில் சமையல் வேலை பார்க்கும் மதுரைப் பக்கத்துத் தம்பி ஒருவன் விமான நிலையத்துக்கு வந்திருந்தான். ஊரில் என்றால் சிவப்பு மண் ரோட்டில் அவ்வளவு தூரம் குலுங்கிக்கொண்டு போனதற்கு டிரைவரை ஒரு வழி பண்ணியிருப்பேன். அன்றைக்கு வாயே திறக்கவில்லை. வழியில் ஒட்டகச்சிவிங்கிகள் மரத்து உச்சியை மேய்ந்துகொண்டிருந்தன. உப்பளத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. எங்கள் ஏரிக்கு வருகிற அதே பறவை, அதே நிறம். 'உங்களுக்கும் இந்த ஊர்தான் கிடைத்ததா' என்று அவற்றின் மேல் எரிச்சலாக வந்தது.

விடுதி அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கடலைப் பார்த்த மாதிரி பெரிய பெரிய கூடாரங்கள், மேலே ஓலை வேய்ந்து, உள்ளே வெள்ளைக் கொசுவலை கட்டிய கட்டில்கள். காலையில் எழுந்தால் வாசல் மணலில் மிருகங்களின் கால்தடம். ஜனங்கள் கையில் தேநீரோடு வந்து அதைப் போட்டோ எடுத்தார்கள். வயசான வெள்ளைக்கார அம்மா ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்து, யானையைக் காட்டி ஏதோ கேட்டார். நானும் சுற்றிப்பார்க்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டார் போல. தலையை ஆட்டி வைத்தேன்.

பின்பக்கம் வேலைக்காரர்கள் தங்கும் வரிசையில் அவர் அறையைத் திறந்து காட்டினார்கள். தம்பியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். பையைக் கொட்டினேன், மெத்தையைப் புரட்டினேன், தலையணை உறையைக்கூடக் கழற்றி உதறினேன். ஒரு கொண்டை ஊசி, ஒரு வளையல் துண்டு, ஒரு நீளமான தலைமுடி, எதுவாவது கிடைக்காதா என்று தேடினேன். புருஷனிடம் இன்னொருத்தி இருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இரண்டு லுங்கி, தலைவலித் தைலம், நான் கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாட்டில் மிச்சம். அவ்வளவுதான். கருவாட்டைக் காற்றுப் புகாமல் மூன்று பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி வைத்திருந்தார். நாற்றம் என்று யாராவது குறை சொல்லியிருப்பார்கள்.

அன்று அவரோடு படகில் இருந்த வழிகாட்டியை வரச் சொன்னேன். ஒல்லியான, உயரமான மனிதர். என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே பேசினார். மதுரைத் தம்பி தமிழில் சொன்னான்.

"மணல்ல தட்டுச்சாம்க்கா. தட்டுனா நாங்க கடல் பொங்கி ஆத்துல தண்ணி ஏறுற வரைக்கும் அப்படியே உக்காந்திருப்போம், அதுதான் இங்க வழக்கம்ங்கறாரு. தட்டுன சத்தம் கேட்டுத் திரும்பிப் பாக்கறதுக்குள்ள அண்ணன் எறங்கிட்டாராம். ஏறு ஏறுன்னு கத்திருக்காரு. அதுக்குள்ள..."

"பொய்" என்றேன். "முதல இருக்கறது அவருக்குத் தெரியாதா? தெனம் ஜனங்களுக்கு அதைக் காட்டறதே அவர் வேலை. இன்னா, பைத்தியமா புடிச்சிருந்திச்சி அவருக்கு? இவரே தள்ளி விட்டாரோ என்னவோ, கேளு!"

தம்பி அதைச் சொல்லவில்லை. ஆனால் என் குரலே அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது. கண் கலங்கி, நெஞ்சில் கையை வைத்து ஏதோ சொன்னார். அவருக்கும் அது ஏன் என்று தெரியவில்லையாம். அன்றிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறாராம்.

நான் விடவில்லை. இடத்தைக் காட்டச் சொன்னேன். மறுநாள் காலை அதே ஆற்றுக்குப் போனோம். புதுப் படகோட்டி, வழிகாட்டி, தம்பி, நான். கலங்கிய பழுப்புத் தண்ணீர். கரையில் முதலைகள் வாயைப் பிளந்துகொண்டு வெயில் காய்ந்தன. தண்ணீருக்கு மேலே நீர்யானைகளின் காதும் கண்ணும் மட்டும் தெரிந்தன. நான் அவற்றை ஒவ்வொன்றாக முறைத்துப் பார்த்தேன். எதைக் கேட்பது?

கடல் தெரிகிற இடம் வரைக்கும் போனோம். வழிகாட்டி கையை நீட்டி, இங்கேதான் என்று காட்டினார். பார்த்தால் ஒன்றுமில்லை, வெறும் தண்ணீர். இதைப் பார்க்கவா கடல் தாண்டி வந்தேன் என்று வயிறெரிந்தது. நம்பவும் முடியவில்லை, திரும்பிப் போய் மகளிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. படகைத் திருப்பச் சொன்னேன்.

திரும்பும்போது அடியில் சரக்கென்று உரசியது. படகு மணலில் ஏறி நின்றுவிட்டது.

அடுத்து நடந்தது எனக்கு அந்தச் சத்தத்தோடு சேர்ந்துதான் ஞாபகம் இருக்கிறது. யாரோ என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். வழிகாட்டி அலறிக்கொண்டிருந்தார். தம்பி பலகையை இறுக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்து, "அக்கா! அக்கா!" என்றான். குனிந்து பார்த்தேன். என் புடவை முழங்காலுக்கு மேல் இடுப்பில் செருகியிருந்தது. வலது கால் படகுக்கு வெளியே தொங்கியது. பாதம் நனைந்திருந்தது.

சத்தியமாக நான் யோசிக்கவில்லை. முதலையை மறக்கவும் இல்லை, இத்தனை நேரமும் அதைத்தானே பார்த்துக்கொண்டு வந்தேன். ஆனால் எங்கள் ஏரியில் எங்கே இறங்கினாலும் முழங்கால், மிஞ்சினால் இடுப்பு. படகு தட்டினால் யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். படகிலிருப்பவர்கள் எல்லாரும் இறங்கித் தள்ளிவிட்டு ஏறிக்கொள்வோம். பேச்சுக்கூட நிற்காது.

நான் பிறந்தது திருப்பாலைவனத்தில், நெல் விளைகிற ஊர். கல்யாணம் ஆன புதிதில் படகு தட்டியபோது நான் மட்டும் ஜம்மென்று மேலே உட்கார்ந்திருந்தேன். "எறங்குமே, மகாராணி! இன்னா, உன்ன பல்லக்குல வச்சா தூக்கினு போவாங்க?" என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டவர் அவர். அந்தப் பழக்கம் அவர் எனக்குக் கொடுத்தது. அவருக்கோ நடக்கத் தெரிந்த நாளிலிருந்து இருக்கிறது.

அவர் இறங்கியிருக்கிறார். சந்தேகமே இல்லை. தட்டிய சத்தம் காதில் விழுந்த அந்த நொடியிலேயே இறங்கியிருப்பார்.

காலைப் படகுக்குள் இழுத்துக்கொண்டு, வழிகாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தி அழுதேன். செய்தி வந்த நாளிலிருந்து நான் அழுதிருக்கவில்லை. அந்த மனிதரும் அழுதார். தண்ணீர் ஏறி, படகு தானாக அசைகிற வரைக்கும் நாங்கள் அங்கேயே இருந்தோம்.

கரைக்கு வந்ததும் தம்பியின் போனில் கொழுந்தனாரைக் கூப்பிட்டேன்.

"அண்ணி, பாத்தியா? இன்னா ஆச்சு?"

"நாள் பாத்துடுப்பா. நான் வந்ததும் கருமாதிய முடிச்சிடலாம்."

அவர் தேம்ப ஆரம்பித்துவிட்டார். மகளிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவள் வாங்கி, "அம்மா, நைனா?" என்றாள்.

"நைனா செத்துட்டாரும்மா" என்றேன். அதுவரைக்கும் அந்த வார்த்தையை நான் ஒருதரம்கூடச் சொன்னதில்லை.