ஒரு இன்ச் ஆட்டம்

வார்னிஷ் காயாத பஸ்ஸுக்குள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினால், பாவாடை சீட்டுப் பலகையில் ஒட்டிக்கொள்ளும். எழுந்திருக்கும்போது சர்ரென்று ஒரு சத்தம். அந்தச் சத்தமும் வாசனையும் எனக்கு இன்னும் அப்படியே இருக்கின்றன...

அப்போது நான் செகண்ட் ஃபாரம், இப்போதைய ஏழாம் வகுப்பு. சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பஸ் வளர்ந்துகொண்டிருந்தது. உலகச் சண்டை முடிந்தபின் பட்டாளத்தார் ஏலம் விட்ட பழைய லாரி ஒன்றை அப்பா வாங்கி வந்தார். மேல்பாகத்தைக் கழற்றி, மரச்சட்டம் அடித்து, தகரம் போர்த்தி, தன் கையாலேயே அதைப் பஸ்ஸாக மாற்றினார். எங்கள் ஊரில் அதற்குமுன் யாரும் செய்யாத வேலை.

மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட்டவர் அப்பா. பிறகு கொழும்புக்குப் போய் மோட்டார் பட்டறையில் வேலை கற்றார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லுவார். இங்கிலீஷ் மட்டும் வாசிக்க வராது.

லாரியோடு, அதைப் பழுதுபார்க்கும் முறை சொல்லும் இங்கிலீஷ் புத்தகம் ஒன்று வந்திருந்தது. அதை வாசிக்கிற உத்தியோகம் எனக்கு. பள்ளிக்கூட டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் ஒரு நோட்டில் எழுதிக் கொடுப்பேன். எவ்வளவு கர்வம் தெரியுமா...

பிரேக்கைப் பற்றிய பக்கத்தில் ஒரு வரி வந்தது. பெடலில் ஒரு இன்ச் 'ப்ளே' இருக்க வேண்டும் என்று. டிக்‌ஷனரியில் பார்த்தேன். விளையாட்டு.

பிரேக்கில் என்ன விளையாட்டு? அச்சுப்பிழை என்று நானே தீர்மானித்தேன். 'பெடலில் விளையாட்டு ஒரு இன்ச்கூட இருக்கக் கூடாது' என்று முத்துமுத்தாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அப்பா நெடுநேரம் அந்த வரியைப் பார்த்தார்.

"லொடலொடங்கக் கூடாதுங்கானோ? கொழும்புல கொஞ்சம் விட்டுத்தான வைப்போம்..."

"புஸ்தகத்துல அப்படித்தாம்ப்பா போட்டிருக்கு."

"சரி மக்கா. உண்டாக்குனவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது?" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார்.

அந்த வாரமே திருநெல்வேலியில் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்ட வேண்டும். அவர் பாஸ் போட்டால்தான் புளியங்குடிக்கு பஸ் விடலாம். காலையில் அப்பாவும் டிரைவர் சுடலைமுத்து அண்ணாச்சியும் கிளம்பினார்கள். முதல் ஓட்டம் என்று ஸ்டியரிங்கில் அப்பாவே உட்கார்ந்தார். அம்மா சூடம் காட்டினாள். நான் பள்ளிக்கூடம் போனேன்.

மூன்றாவது பீரியட். கரும்பலகை ஸ்டாண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. இங்கிலீஷ் டீச்சர் அதைப் பிடித்து அசைத்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப ப்ளே இருக்கே இதுல!" என்றார்கள்.

நான் எழுந்து நின்றேன்.

"டீச்சர்... ப்ளேன்னா விளையாட்டுல்லா?"

"இப்படி லூஸா ஆடுதே, அதுவும் ப்ளேதான்."

அதற்கப்புறம் டீச்சர் நடத்திய எதுவும் எனக்குள் போகவில்லை. பெடலை மிதித்தால் முதல் ஒரு இன்ச் சும்மா போக வேண்டும், பிறகுதான் பிரேக் பிடிக்க வேண்டும். அதைத்தான் புத்தகம் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு இன்ச்சை நான் எடுத்துவிட்டேன். மிதிக்காமலே பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால்? சூடேறி, வேண்டிய நேரத்தில் பிடிக்காமலே போய்விட்டால்? வண்டியோ போய்விட்டது. யாரிடம் சொல்ல?

சாயங்காலம் மணி அடித்ததும் திருநெல்வேலி ரோட்டுக்கு ஓடினேன். மைல்கல் பக்கத்தில் பைக்கட்டோடு நின்றேன். கோமதியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்தேன். போதாது என்று தோன்றி, இனி டிக்‌ஷனரியையே தொடமாட்டேன் என்றும் நேர்ந்தேன்.

பருத்தி வண்டிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். "ஏட்டி, நீ பஸ்காரர் மவதான? உங்க பஸ்ஸு பனவடலிசத்திரத்துல நிக்கி. சக்கரத்துல ஒரே பொகை!"

"எங்கப்பா?"

"ஆளையெல்லாம் நான் பாக்கலட்டி. சுத்தி ஒரே கூட்டம்."

அவர் போய்விட்டார். நான் அந்த மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் இறங்க இறங்க அதுவும் கையில் குளிர்ந்துகொண்டே வந்தது...

பொழுது சாயும்போது ஹாரன் கேட்டது. அப்பா பொருத்திய ரப்பர் பந்து ஹாரன். கருகின வாசனையோடு பஸ் பக்கத்தில் வந்து நின்றது. இரண்டு பேரும் இருந்தார்கள்! ஒரே அழுகை எனக்கு. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அண்ணாச்சி விடவில்லை. "முதலாளி, இன்ஸ்பெக்டரு மூஞ்சியப் பாக்காமலே திரும்பியாச்சு. இனி நம்ம டாக்டரம்மா எழுதிக் குடுத்தா, ஸ்டியரிங்கையும் கழத்தி வீட்டுல வச்சிட்டுப் போவோம்!"

அப்பா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "கால்ல பட்டதுமே தெரிஞ்சுது மக்கா, இது சரியில்லன்னு. புஸ்தகத்துக்குப் பயந்துக்கிட்டு சத்திரம் வரைக்கும் ஓட்டிட்டேன். அங்கன வச்சு, எல்லாம் ஆறவிட்டு, நானே லூசாக்கிட்டேன். அதுக்கே பொழுது போயிட்டு." கொஞ்சம் நிறுத்தி, "ஆட்டம்னு எழுதியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமேட்டி. விளையாட்டும் ஆட்டந்தான... அதுவும் ஆட்டந்தான" என்றார்.

தமிழிலேயே இருந்திருக்கிறது அந்த வார்த்தை. நான்தான் டிக்‌ஷனரியில் தேடியிருக்கிறேன்.

மறுவாரம் வண்டி பாஸானது. புளியங்குடி எலுமிச்சை மூட்டைகளை உச்சியில் சுமந்துகொண்டு பல வருஷம் ஓடியது. டிக்‌ஷனரி நேர்த்தியை மீறி, அப்பாவுக்கு அதன்பிறகும் நான்தான் வாசித்தேன். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் கேட்பார்: "இதுக்கு வேற அர்த்தம் எதுவும் உண்டாட்டி?"

இப்போது பேரனின் கார் தானே பேசுகிறது. அதன் புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டேஷ்போர்டுக்குள் கிடக்கிறது. "அதையெல்லாம் யார் ஆச்சி படிப்பா?" என்கிறான். சரிதான்...

என் நோட்டு மட்டும் இன்னும் பீரோவில் இருக்கிறது. அந்த வரியில் என் முத்து எழுத்தை ஆசாரிப் பென்சிலால் ஒரே கோடாக அடித்திருக்கிறார் அப்பா. மேலே அவருடைய சாய்ந்த எழுத்தில்:

'ஒரு இன்ச் ஆட்டம் வேண்டும்.'

பேரனின் காரில் ஏறினால் முன்சீட்டில்தான் உட்காருவேன். முதல் தடவை பிரேக் பிடிக்கும்வரை, என் பார்வை அவன் காலில்தான் இருக்கும்.