டேப்பில் கேட்ட ஐந்தாவது ஆள்

எண்பதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம், ராஜபாளையத்தில் ஒரு பஞ்சுக் கிடங்கின் மாடியில் நடந்தது இது. அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பாட்டு டீச்சர்.

எங்கள் ஊர் பேண்டு செட்டில் சாக்ஸபோன் வாசித்த அண்ணாச்சி ஒருவருக்கு ஜாஸ் பைத்தியம். கல்யாண ஊர்வலத்தில் ஜாஸை யார் கேட்பார்கள்? சொந்தமாக ஒரு கேசட் போட்டே தீருவது என்று கிளம்பிவிட்டார். நான் கீபோர்டு. தளவாய்புரத்து அண்ணன் தம்பி இருவர் பேஸ் கிடாரும் டிரம்ஸும். ஆக நான்கு பேர். மதுரையிலிருந்து ரெக்கார்டிங்காரர் ஒருவர் மெஷினோடு வந்திருந்தார், ஒரே ஒரு நாளைக்கு.

எதிரொலி கூடாது என்று பஞ்சு மூட்டைகளைச் சுவர் உயரத்துக்கு அடுக்கிப் போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தார் அண்ணாச்சி. உள்ளே பேசினால் குரல் வாயைத் தாண்டுவதற்குள் செத்துப்போனது. கதவைச் சாத்தியதும் என் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்கே கேட்டது. அந்த அறை எனக்குப் பிடிக்கவே இல்லை. நல்ல காரியமாயிற்றே என்று டிரம்ஸ்காரத் தம்பி தூபக்காலில் நெருப்புக் கங்குகளை ஊதி ஊதி, மூலைமுடுக்கெல்லாம் சாம்பிராணி காட்டிய பிறகுதான் ஆரம்பித்தோம்.

இரண்டு பாட்டுகள் நன்றாக முடிந்தன. மூன்றாவது மெதுவான பாட்டு. அண்ணாச்சி நடுநடுவே சட்டென்று நிறுத்துவார். நாங்களும் நிறுத்த வேண்டும். "டேப் அறுந்துபோச்சுன்னு கடையில திருப்பிக் குடுத்துருவாக அண்ணாச்சி" என்று கேலி செய்திருந்தேன்.

வாசித்து முடித்ததும், வராந்தாவில் இருந்த ரெக்கார்டிங்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். "யாருங்க உள்ள முறுக்கு திங்கிறது?"

யாரும் தின்னவில்லை. திரும்ப வாசித்தோம். திரும்பவும் அதே சத்தம். ஹெட்போனை நானும் வாங்கிக் கேட்டேன். நாங்கள் வாசிக்கும்போது ஒன்றுமில்லை. நாங்கள் நிறுத்தியதும், 'டிக்... டிக் டிக்'. இப்போது முன்னைவிடப் பலமாக.

"நாம நாலு பேருதான இருக்கோம்? பொறவு அது யாரு?" என்றார் தம்பி. அவர் முகம் வெளிறிவிட்டது. எனக்கோ வெளியே ஓடிவிடலாம் போலிருந்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவலே. இன்னிக்கு விட்டா எனக்கு வாய்க்காது" என்றார் அண்ணாச்சி. கண் கலங்கியிருந்தது. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவது தடவை, சாக்ஸபோன் நின்ற இடத்தில், ஹெட்போன் இல்லாமலே அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. என் முதுகுக்குப் பின்னாலிருந்து. கையைப் பின்னால் நீட்டினேன். போர்வை கொதித்தது.

"அண்ணாச்சி, செவரு சுடுது!"

அவர் போர்வையை இழுத்தார். ஒரு மூட்டை சரிந்து பிளந்தது. வெளியே வெள்ளைப் பஞ்சு, உள்ளே செக்கச்செவேல் என்று நெருப்பு. காற்றுப் பட்டதும் குப்பென்று எரிந்தது. எங்களை முதலில் வெளியே தள்ளிவிட்டுத்தான் அவர் வந்தார். ரெக்கார்டிங்காரர் டேப்பை மட்டும் உருவிக்கொண்டு ஓடினார். நாங்கள் தெருவுக்கு வருவதற்குள் மாடிப்படி புகையில் மறைந்துவிட்டது.

சாம்பிராணிக் கங்கு ஒன்று மூட்டைகளுக்கு இடையில் விழுந்து, பகலெல்லாம் உள்ளுக்குள்ளேயே கனன்றிருக்கிறது. பஞ்சில் கிடந்த பருத்திக்கொட்டைகள் ஒவ்வொன்றாக வெடித்த சத்தம்தான் அது. புகை வாசனை வந்தபோதெல்லாம் சாம்பிராணி என்றே நினைத்திருந்தோம்.

கேசட் கடைக்கு வரவே இல்லை. அந்த மூன்றாவது பாட்டை மட்டும் பிரதி எடுத்து எங்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார் அண்ணாச்சி. "அந்தச் சத்தத்த அழிக்கச் சொல்லாதிய டீச்சர். அஞ்சாவது ஆளு வாசிக்கலேன்னா நாம நாலு பேரும் இல்ல."

நான் கேலி செய்த அந்த இடைவெளிகளில்தான் எங்கள் உயிர் இருந்திருக்கிறது. இன்றும் அந்தப் பாட்டில் சாக்ஸபோன் நிற்கும்போதெல்லாம், என் கை தானாகப் பின்னால் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்கிறது.