வடிவாய் மெலிஞ்சிட்டாய்

நேசமலரின் மகன் சுமனின் திவசத்தன்று, அவனுக்குப் படைத்த சோற்றைச் சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் சிவரூபி அதைச் சொன்னாள். கிணற்றடியில் நின்ற இரண்டு பெண்களிடம், குரலைத் தாழ்த்துவதுபோலத் தாழ்த்தாமல்.

"பிள்ளையைப் பறிகுடுத்த தாய் மாதிரியே கிடக்கு? கவலை இருந்தால் உடம்பு இப்பிடி வைக்குமே?"

குசினிக்குள் பானை கழுவிக்கொண்டிருந்த நேசமலருக்கு ஒரு சொல் தவறாமல் கேட்டது. சொன்னவள் யாரோ எவரோ அல்ல. கணவன் தயாபரனின் சொந்த அக்கா.

கவலைக்கென்று ஊரில் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். கன்னம் ஒட்ட வேண்டும், தோள்மூட்டு துருத்த வேண்டும், சட்டை தொங்க வேண்டும். போரில் சுமனைப் பதுங்குகுழிப் பங்கருக்குள் இழந்து, அகதி முகாமில் கிடந்து, வட்டக்கச்சிக்குத் திரும்பி வந்தபோது நேசமலர் அப்படித்தான் இருந்தாள். அன்று அவளுடைய துயரத்தை எவரும் சந்தேகப்படவில்லை. பிறகு நித்திரை அற்றுப்போய், மனநலக் கிளினிக்கில் குளிசை கொடுத்தார்கள். நித்திரை வந்தது. கூடவே அடங்காத பசியும் வந்தது. உடம்பு வைத்தது. அதன் பின்னாலேயே சீனி வருத்தமும் முழங்கால் நோவும் வந்து ஒட்டிக்கொண்டன.

சீனிக்கு இன்னொரு கிளினிக்கில் காட்டப் போனால், தராசில் ஏற்றி, வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்க நிறையைக் கூவினார்கள். முழங்கால் நோ என்றால், உடம்பைக் குறையுங்கோ. மூச்சு வாங்குது என்றால், உடம்பைக் குறையுங்கோ. ஒருநாள் தயங்கித் தயங்கி, "மனமும் சரியில்லை" என்றாள்.

"அதுக்கும் உடம்பைக் குறைச்சால் சரியாயிடும் அம்மா."

என்ன குளிசை போடுகிறாய், அது வயிற்றை என்ன செய்கிறது என்று ஒரு வாய் கேட்கவில்லை. ஒருத்தியின் மனத்தை ஒரு கட்டடத்திலும் இரத்தத்தை இன்னொரு கட்டடத்திலும் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே வெயிலில் நடக்கிற மனுசியைப் பார்க்க ஆளில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நாள் தவறாமல் மத்தியானச் சோறு ஆக்கி, பாரமான கிடாரத்தை இறக்கி வைக்கிற உடம்பு அது. அதைச் சோம்பல் உடம்பென்று நினைக்க இவர்களுக்கு எப்படி மனம் வந்தது?

திவசத்துக்கு மறுநாளே அவள் மனநலக் குளிசையை நிறுத்தினாள். தயாபரன் கேட்டால், "ஓம், போட்டிட்டன்" என்பாள். குளிசை வாழையடியில் கிடந்தது.

முதலில் பசி போனது. பிறகு நித்திரை. சட்டைகள் ஒவ்வொன்றாகத் தொளதொளத்தன. ஊர் கொண்டாடத் தொடங்கியது. "என்னடியப்பா செய்தனி? எங்களுக்கும் சொல்லித் தாவன்" என்று கோயிலில் மறித்துக் கேட்டார்கள். தராசடியில், "பாத்தீங்களே, மனம் வைச்சால் முடியும்!" என்றார்கள். தயாபரன் புதுச் சட்டைத்துணி வாங்கி வந்தான். சிவரூபி கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பதான் வடிவாய் மெலிஞ்சிட்டாய்" என்றாள்.

தண்ணீர் அள்ளப் போனவள் வாளியை இறக்க மறந்து, கிணற்றுக்குள் பார்த்தபடி நெடுநேரம் நிற்பாள். அப்படி நிற்பது அவளுக்கே பயமாக இருந்தது. அந்தப் பயத்தைச் சொல்ல ஒருவரும் இல்லை. எல்லாரும் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் பருப்பு அடிப்பிடித்துப் புகைந்தது. நேசமலர் அகப்பையோடு பக்கத்திலேயே நின்றாள். கூடச் சமைக்கிற கமலேஸ்வரி, மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண், ஓடிவந்து சட்டியை இறக்கினாள்.

"அக்கா! கருகுற வாடை கூடவா தெரியல? என்னா பண்ணுது?"

"ஒண்டுமில்லை."

"ஒண்ணும் இல்லாமத்தான் எலும்பா நிக்கிறீங்களா? கடைசியா எப்ப சாப்புட்டீங்க?"

மெலிந்த நாளிலிருந்து அவளிடம் எவரும் கேட்காத கேள்வி அது. அடுப்படியிலேயே குந்தியிருந்து நேசமலர் அழுதாள். குளிசையைச் சொன்னாள், கிணற்றைச் சொன்னாள். கமலேஸ்வரி புத்தி ஒன்றும் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "பருப்பு நாசமாப் போச்சு, ஸ்கூல் அதிபர் ஏசுவாரு. வாங்க, ஏச்ச வாங்கிக்கிட்டு பஸ் ஏறுவோம்" என்றாள்.

மனநலக் கிளினிக்கின் டொக்டர், அவள் பேசி முடியும்வரை கேட்டார். "வேற குளிசை தாறன். இதுக்கும் உடம்பு வைச்சால் நேரே வந்து என்னோட சண்டை பிடியுங்கோ. குளிசையை மட்டும் எறியாதேங்கோ."

நேசமலர் தேறினாள். கன்னம் திரும்பக் கொஞ்சம் நிரம்பியது. சிவரூபியின் புதுவீட்டுக் குடிபூரலில், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, சிவரூபியின் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஐயோ நேசம், எவ்வளவு வடிவாய் மெலிஞ்சிருந்தனி! கவனமில்லாமல் விட்டிட்டியே."

"மச்சாள், அப்ப நான் சாகப் பாத்தனான். கிணத்தடியில நிண்டனான்."

பக்கத்தில் இருந்த தயாபரன் சோற்றுக் கையோடு அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"என்ன கதை இது? எங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் சிவரூபி.

"மெலிஞ்சதை எல்லாரும் கண்டனீங்கள். ஏன் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. என்ர பிள்ளைக்கு நான் அழுறனோ எண்டு என்ர இடுப்பை அளந்தோ பாப்பீங்கள்?"

சிவரூபி முந்தானையால் கண்ணைத் துடைத்து மூக்கை உறிஞ்சத் தொடங்கினாள். முந்தியென்றால் நேசமலர்தான் எழுந்துபோய்த் தேற்றியிருப்பாள். அவள் எழவில்லை. கைப்பையைத் திறந்து, அத்தனை பேரும் பார்க்கக் குளிசையை எடுத்து வாயில் போட்டாள். அவள் முகத்தைப் பாராமல் தயாபரன் தண்ணீர்க் கோப்பையை அவள் பக்கம் தள்ளினான்.

"வீட்டை போய்க் கதைக்க வேணும்" என்று அவனிடம் சொல்லிவிட்டுத்தான் அதை வாங்கிக் குடித்தாள்.