சேனை வைத்த விரல்

1999-இல் என் தங்கைக்குக் குழந்தை பிறந்தபோது சேனை வைக்க என்னைக் கூப்பிட்டார்கள். பிறந்த குழந்தையின் நாக்கில் முதலில் தேன் தொட்டு வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள் எங்கள் பக்கம்.

"அவளே வைக்கட்டுங்க. அதிர்ந்து பேசாத புள்ள" என்றார் தங்கையின் மாமியார்.

சில பருவத்தில் மலைத்தேன் கசக்கும். அதனால் விரலில் தொட்டு நக்கிப் பார்த்தேன். அதே விரலை மறுபடி தேனில் தொட்டுக் குழந்தைக்கு வைத்தேன். என் கடைவாய்ப் பற்கள் அப்போதே சொத்தை.

மூன்றாவது தடுப்பூசிக்குத் தங்கையோடு நானும் போனேன். நர்சம்மா எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்: "பல்ல அரிக்கிற கிருமி பொறக்கறப்ப புள்ள வாயில இருக்காதுங்க. பெரியவங்க எச்சில்லருந்துதான் போவும். சொத்தப் பல்லுக்காரங்க சூதானமா இருங்க. தேனும் வைக்காதீங்க."

நான் நக்கிய விரலையல்லவா வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து குழந்தையைத் தூக்கவே பயந்தேன்.

"உன்னையக் கண்டாலே பெரியம்மா ஓடறா பாரு கண்ணு" என்று தங்கை கேலி செய்தாள்.

பல் முளைத்தது. தங்கை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் குழந்தையின் உதட்டைத் தூக்கிப் பார்ப்பேன். ஒரு வயது தாண்டியதும் மேல் பல்லில், ஈறை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. துடைத்தேன், போகவில்லை. தங்கையிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "ஏனுக்கா, ஒருநாள் வெச்ச வெரலுக்கா இந்தப் பாடு? நான் தெனமும் சோத்த மென்னுதான ஊட்டறேன்!"

"உனக்குச் சொத்தை இருக்கா?"

சிரிப்பு பாதியில் நின்றது. வாயைத் திறந்து காட்டினாள். இரண்டு பல் கறுத்துக் குழி விழுந்திருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் மலையிறங்கினோம். அடிவாரத்து ஊரில் பல் டாக்டர் குழந்தையின் வாயை வெளிச்சத்தில் பார்த்தார்.

"இந்த வெள்ளைக் கோடு சொத்தையோட ஆரம்பம். இன்னும் ஓட்டை விழலைங்க. மென்னு ஊட்டறதை நிறுத்துங்க. தினமும் பல்லைச் சுத்தம் பண்ணி விடுங்க. தப்பிச்சுக்கலாம்" என்றார். பிறகு எங்களைப் பார்த்தார். "புள்ளைக்குக் கிருமியைக் குடுத்த வாய் எது? அதையும் பார்த்துடலாம்."

தங்கை என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். எழுந்துபோய், பல் பார்க்கும் நாற்காலியில் நான்தான் முதலில் உட்கார்ந்தேன்.